இறந்தவரின் பெயரும் அரசின் இரகசியமும்: உளவு சொன்ன தீவிரவாதிகளின் ஆவணங்களைக் கேட்பது குறித்து

ஒருவரின் அந்தரங்க உரிமை அவருடைய இறப்போடு முடிந்துவிடுகிறது. அது வாரிசுகளுக்குச் சொத்தாகக் கைமாறுவதில்லை. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் திரைப்படமாக்குவதை எதிர்த்து ஜெ. தீபா தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் எடுத்த நிலைப்பாடு இதுவே. ஆயினும், ஒருகாலத்தில் ஆயுதம் ஏந்தும் இயக்கமொன்றில் இருந்து, பிறகு காவல்துறைக்குத் தகவல் தந்து, இறந்தும் போன ஒருவரின் கோப்பைக் கேட்கும் ஆய்வாளர் மறுப்பை எதிர்பார்த்தே விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கிறது. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் உண்டு. அந்தரங்கம் மனிதருக்கு உரியது, அவரோடு மறைகிறது. இரகசியமோ அரசுக்கு உரியது, அரசு இறப்பதில்லை. உளவு சொன்னவரின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் உணர வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

திருவனந்தபுரம் இத்தகைய தேடலுக்கு மிகப் பொருத்தமான ஊர். கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக்காப்பகத்தில் திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்கள் இருக்கின்றன. அதே நகரில் கேரளக் காவல்துறையின் தலைமையகமும் மாநிலத் தகவல் ஆணையமும் இருக்கின்றன. முதலாவதில் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய தாள்கள். இரண்டாவதில் இன்னும் திறக்கப்படாத தாள்கள். மூன்றாவதில் அவற்றைத் திறக்கலாமா என்பதற்கான வழக்காடல். ஒரே நகரில் ஒரே கேள்விக்கு மூன்று கதவுகள்.

முதல் கதவைத் தமிழ் வாசகர்கள் அறிந்த ஒரு வழக்கின் வழியே அணுகலாம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்ற வாஞ்சி ஐயர், சென்னை மாகாணத்தின் குடிமகன் அல்லர், திருவிதாங்கூரின் குடிமகன். 1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்பு நடைமுறைக்கு வரும் வரை செங்கோட்டை திருவிதாங்கூருக்கும், அதன் தொடர்ச்சியான திருவிதாங்கூர்-கொச்சிக்கும் உரியதாகவே இருந்தது. வாஞ்சி வேலை பார்த்த புனலூர் வனத்துறை அலுவலகமும் திருவிதாங்கூருடையதே. எனவே, மணியாச்சியில் வெடித்த துப்பாக்கியின் ஓசை சென்னைக் கோட்டையை எட்டியதுபோலவே திருவனந்தபுரத்துத் திவான் அலுவலகத்தையும் எட்டியது. அப்போது திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்புதான், 1910 செப்டம்பரில், 'சுதேசாபிமானி' இதழாசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைத் திருவிதாங்கூர் அரசு நாடு கடத்தியிருந்தது. கருத்துக்கே அஞ்சிய அரசு, தன் குடிமகன் ஒருவனின் துப்பாக்கிக்கு எவ்வளவு அஞ்சியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆஷ் வழக்கில் பதினான்கு பேர் விசாரிக்கப்பட்டனர். முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர் நீலகண்ட பிரம்மச்சாரி. வாஞ்சி உயிரோடில்லை, மணியாச்சியிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டார். போலீஸ் தேடிய செங்கோட்டை தர்மராஜ ஐயரும் புனலூர் வெங்கடேசுவர ஐயரும் தற்கொலை செய்துகொண்டனர். ஆகவே சதியின் உள்விவரங்களை அறிந்த பலரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. சொல் வந்தது அப்ரூவர்களாக மாறிய ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை என்னும் இருவரிடமிருந்து. காளி படத்தின் முன் எடுத்த உறுதிமொழி, வெள்ளையரின் இரத்தமாகக் கருதிக் குடிக்கப்பட்ட குங்குமக் கரைசல், விரலைக் கீறி வைத்த இரத்தக் கைநாட்டு என்று இன்று ஒவ்வொரு நூலிலும் இடம்பெறும் காட்சிகள் பெரும்பாலும் இவ்வகைச் சாட்சியத்தின் வழியே நமக்கு வந்தவை. பாரத மாதா சங்கத்தின் கதையை அதன் தியாகிகள் எழுதிவைக்கவில்லை. அதை விட்டு விலகியவர்கள், மன்னிப்பு என்னும் நிபந்தனையின் கீழ், அரசு வழக்கறிஞரின் கேள்விகளுக்கு விடையாகச் சொன்னார்கள். அதிலிருந்தே நம் தேசிய வரலாற்றின் ஓர் அத்தியாயம் உருவானது.

இதன் பொருள் அச்சாட்சியம் பொய் என்பதன்று. அது ஒரு நிறுவனத்தின் தேவைக்கேற்ப வடிவம் பெற்ற சொல் என்பதே. சட்டமும் இதை அறிந்தே இருந்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 133ஆம் பிரிவில் உடந்தைக் குற்றவாளியின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிப்பது சட்டவிரோதமாகாது என்று கூறியது. 114ஆம் பிரிவின் எடுத்துக்காட்டிலோ, முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரம் துணைநிற்காவிட்டால் அவர் நம்பத்தகாதவர் என்று நீதிமன்றம் கருதலாம் என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆஷ் வழக்கை விசாரித்த மூவர் அமர்வில், தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டும் ஐலிங்கும் ஒருபுறம் இருக்க, சி. சங்கரன் நாயர் தனியே மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1912 பிப்ரவரியில் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர். வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் 3000 பேர் உறுதிமொழி எடுத்திருப்பதாகச் சொன்னது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் 14 பேர். இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள வெளியில்தான் வரலாற்றாய்வாளர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இங்கே இருவகையினரைப் பிரித்துக்கொள்வது அவசியம். அப்ரூவர் நீதிமன்றத்தில் நின்று, பெயர் சொல்லி, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டவர். அவர் பெயரை அரசே வெளிப்படுத்திவிடுகிறது. தகவலாளி அப்படியல்லர். அவர் கூண்டில் ஏறுவதில்லை. அவர் சொன்னது சோதனை ஆணையாகவும் கைதாகவும் உருமாறுகிறது. அவர் மட்டும் கோப்புக்குள் ஓர் எண்ணாகவோ 'நம்பத்தகுந்த வட்டாரம்' என்னும் சொற்றொடராகவோ தங்கிவிடுகிறார். பழைய சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்த செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி எந்தக் காவல் அதிகாரியையும் கட்டாயப்படுத்த முடியாது. 2023இல் வந்த பாரதிய சாட்சிய அதினியமும் இப்பாதுகாப்பைத் தொடர்கிறது. அவருக்குத் தரப்படும் பணமும் இரகசிய நிதியிலிருந்தே போகிறது. அந்தச் செலவுக்குப் பற்றுச்சீட்டுத் தணிக்கை இல்லை, பொறுப்பு அதிகாரியின் சான்றிதழே போதும். இவ்வாறாக, சாட்சியத்திலும் கணக்கிலும் தடம் விடாத ஒரு மனிதரைச் சட்டமே உருவாக்குகிறது.

இந்த மறைப்புக்கு வலுவான நியாயம் உண்டு என்பதை மறுக்கலாகாது. அலிப்பூர் சதி வழக்கில் அப்ரூவரான நரேந்திரநாத் கோசாயி, 1908இல் சிறைக்குள்ளேயே கனயிலால் தத்தராலும் சத்தியேந்திரநாத் போசாலும் சுட்டுக் கொல்லப்பட்டார். பகத்சிங் வழக்கில் அரசுத் தரப்புக்குச் சாட்சி சொன்ன பணீந்திரநாத் கோஷ் 1932இல் பீகாரில் கொல்லப்பட்டார். அதே வழக்கில் அப்ரூவரான ஹன்ஸ்ராஜ் வோரா இந்தியாவை விட்டு வெளியேறி வாஷிங்டனில் இதழாளராக வாழ்ந்து முடித்தார். பெயர் வெளிப்படுவது உயிரோடு இருப்பவருக்கு மரண தண்டனையாகலாம். ஆனால் இந்த நியாயத்துக்கு ஒரு காலவரை இருக்க வேண்டும். கொல்லப்படக்கூடியவர் இயற்கையாகவே இறந்து, கொல்லக்கூடியவர்களும் இறந்து, இயக்கமே பாடநூலாகிவிட்ட பிறகும் அதே காரணம் எவ்வாறு நீடிக்கும்?

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இக்கேள்விக்கு ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு விடைகளைத் தருகிறது. 8(1)(எ) முதல் 8(1)(ஜே) வரையிலான உட்பிரிவுகள் விலக்குகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் (ஜி) உட்பிரிவு, ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவலையும், சட்ட அமலாக்கத்துக்காக நம்பிக்கையின் பேரில் தகவல் தந்தவரை அடையாளம் காட்டும் தகவலையும் மறுக்க இடமளிக்கிறது. இதோடு நின்றுவிடும் ஆய்வு மாணவர்கள் பலர். ஆனால் 8(3)ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். விண்ணப்ப நாளுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த எதைப் பற்றிய தகவலும் தரப்பட வேண்டும் என்கிறது அது. அதன் பிறகும் நிலைக்கும் விலக்குகள் மூன்று மட்டுமே: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு தொடர்பான (எ), நாடாளுமன்ற, சட்டமன்ற உரிமை தொடர்பான (சி), அமைச்சரவைத் தாள்கள் தொடர்பான (ஐ). தகவலாளியைக் காக்கும் (ஜி) அந்தப் பட்டியலில் இல்லை. தனிநபர் தகவலைக் காக்கும் (ஜே) உட்பிரிவும் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (ஜே)யிலிருந்து பொதுநலன் சோதனையை அகற்றி அதை இறுக்கியது. 8(3)ஐ அது தொடவில்லை. ஆக, சட்டத்தின் சொற்களின்படி, தகவலாளியின் மறைப்புக்கு ஆயுள் இருபது ஆண்டு.

இரண்டாவது விடை 24ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டாம் அட்டவணையில் உள்ள மத்திய உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு இச்சட்டமே பொருந்தாது. 2011இல் சிபிஐயும் அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்டது. மாநில அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை 24(4) மாநில அரசுகளுக்குத் தருகிறது. கேரளமும் தமிழ்நாடும் தத்தம் காவல்துறை உளவுப் பிரிவுகளுக்கு அதைப் பயன்படுத்தியுள்ளன. சட்டமே பொருந்தாத இடத்தில் 8(3) என்னும் இருபதாண்டு விதியும் பொருந்துவதில்லை. விளைவு விந்தையானது. ஒரே மனிதர் தந்த ஒரே தகவல் சாதாரணக் காவல் நிலையத்துக் கோப்பில் இருந்தால் இருபது ஆண்டில் திறக்கலாம். உளவுப் பிரிவின் கோப்பில் இருந்தால் காலவரையின்றிப் பூட்டிக்கிடக்கும். தகவலாளியின் கோப்பு இயல்பாக எங்கே இருக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

பூட்டில் ஒரு சிறு துளை உண்டு. ஊழல், மனித உரிமை மீறல் ஆகிய குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவலுக்கு 24ஆம் பிரிவின் விலக்குச் செல்லாது. மனித உரிமை மீறல் என்றால் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தகவல் தரப்பட வேண்டும். கேரளத்தின் நக்சல்பாரிக் கால வரலாற்றை எழுதுவோருக்கு இத்துளை முக்கியமானது. வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் 1970 பிப்ரவரி 18 அன்று ஏ. வர்கீஸ் இறந்ததை அரசு ஆவணம் 'மோதல்' என்றே பதிந்திருந்தது. மேலதிகாரியின் கட்டளையால் தானே சுட்டதாகக் காவலர் ராமச்சந்திரன் நாயர் 1998இல் வெளிப்படையாகச் சொன்னார். உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு ஆணையிட்டது. 2010இல் ஓய்வுபெற்ற ஐ.ஜி. கே. லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1976இல் கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் கைதானதையும் அரசு நீதிமன்றத்தில் மறுத்தது. தந்தை ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு மனுவில் அந்த மறுப்பு நிலைக்கவில்லை. 1977 ஏப்ரலில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது.

இவ்விரு நிகழ்வுகளும் ஆவணம் கேட்பவருக்கு ஓர் எச்சரிக்கை. கோப்பு கிடைத்துவிட்டால் உண்மை கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. வர்கீஸின் சாவை 'மோதல்' என்று எழுதிய அதே காவல்துறைதான் இன்னார் தகவல் தந்தார் என்றும் எழுதுகிறது. அடி தாங்காமல் ஒரு பெயரைச் சொன்னவர், பேரம் பேசி விடுதலை பெற்றவர், மாதச் சம்பளத்துக்கு உளவு சொன்னவர், ஒன்றும் சொல்லாமலே அதிகாரியின் செலவுக் கணக்குக்காகத் தகவலாளியாக்கப்பட்டவர் ஆகிய நால்வரும் கோப்பில் ஒரே சொல்லால் குறிக்கப்படக்கூடும்.

பிற நாடுகளின் பட்டறிவும் இதையே காட்டுகிறது. கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் தொடக்கக் காலத்தவரான ரிச்சர்டு அயோகி 2009இல் இறந்தார். இதழாளர் சேத் ரோசன்ஃபெல்டு தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் நடத்திய நெடும் போராட்டத்தின் விளைவாக, அவர் அமெரிக்க உளவுத்துறையான எஃப்பிஐக்குத் தகவல் தந்தவர் என்பது 2012இல் வெளிவந்தது. அடுத்து வெளியான 200க்கும் மேற்பட்ட பக்கங்கள் 1961 முதல் 1977 வரை அவர் தகவலாளியாக இருந்ததைக் காட்டின. அவர் மனத்தால் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அப்பக்கங்கள் தீர்த்துவைக்கவில்லை. நண்பர்களும் ஆய்வாளர்களும் இன்றும் அதைப் பற்றி வாதிடுகிறார்கள். மெம்பிஸ் நகரத்து நிழற்படக்காரர் எர்னெஸ்ட் விதர்ஸ் வழக்கில், வேறொரு விசாரணை தொடர்பாக வெளியான தாளில் மை பூச மறந்த ஒரு குறியீட்டெண்ணே அவரைக் காட்டிக்கொடுத்தது. உள்ளூர் நாளிதழ் வழக்காடி 2013இல் சமரசத்தின் மூலம் ஆவணங்களைப் பெற்றது. லண்டன் பெருநகரக் காவல்துறையோ விக்டோரியா காலத்துத் தகவலாளர்களின் பெயர்களை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் வெளியிட மறுத்து வாதாடியது. இதற்கு நேரெதிராக, கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி ஆவணங்களுக்கான 1991ஆம் ஆண்டுச் சட்டம், வேவு பார்க்கப்பட்டவர் தன் கோப்பைப் படிக்கவும், தன்னை வேவு பார்த்தவரின் உண்மைப் பெயரை அறியவும் உரிமை தந்தது. அரசே வீழ்ந்துபோனதால்தான் அது இயன்றது. நிலைத்திருக்கும் அரசு எதுவும் தன் தகவலாளியின் பெயரை விரும்பித் தந்ததில்லை.

எனவே, விண்ணப்பம் எழுதுவோர் பெயரை நேராகக் கேட்பதைவிடப் பெயரைச் சுற்றியுள்ள தாள்களைக் கேட்பது பயன் தரும். வாஞ்சியின் வழக்கே இதற்கு வழிகாட்டி. 1911 சனவரியில் அவர் விடுப்பு எடுத்துப் புதுச்சேரி சென்றார் என்பது சதி வழக்கின் முக்கியக் கண்ணி. விடுப்பு என்பது வனத்துறையின் அன்றாட நிர்வாகத் தாள். எந்த அப்ரூவரின் நாவும் அதை வளைக்க முடியாது. எந்த இரகசிய விதியும் அதை மூட முடியாது. அதுபோலவே, பிற்காலத்துத் தகவலாளி ஒருவரைப் பற்றி அறிய விரும்புபவர் கைது நாளையும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட நாளையும் கேட்கலாம்; சிறைச் சேர்க்கைப் பதிவேட்டையும் பிணை ஆணையையும் கேட்கலாம்; அரசு வழக்கைத் திரும்பப் பெற்றதற்கான மனுவையும், மன்னிப்பு வழங்கிய நீதித்துறை நடுவரின் ஆணையையும் கேட்கலாம். உடன் கைதான ஐவருள் நால்வர் மட்டும் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்து, ஐந்தாமவர் ஒரு வாரத்தில் வெளிவந்திருந்தால் பதிவேடுகள் ஏதோ பேசத் தொடங்குகின்றன. அப்பேச்சு ஐயத்தைத் தரும், தீர்ப்பைத் தராது.

நடைமுறையிலும் சிலவற்றை மறக்கலாகாது. விண்ணப்பத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது 6(2). பகுதி மறைத்து மீதியைத் தரும்படி 10ஆம் பிரிவின் கீழ்க் கேட்கலாம். அலுவல் இரகசியச் சட்டத்தைக் காட்டி மறுத்தால் 22ஆம் பிரிவை எடுத்துக்காட்டலாம். மறுப்பு வந்தால் 30 நாளில் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளில் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. உளவுப் பிரிவை மட்டும் நம்பாமல் உள்துறை, சிறைத்துறை, மாவட்ட ஆட்சியரகம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே எழுதுவது நல்லது. அரசு எழுதும் ஒரு கடிதத்துக்குப் பெறுபவர் ஒருவர் இருப்பார். அனுப்பியவரின் அலமாரி பூட்டியிருந்தாலும் பெற்றவரின் அலமாரி திறந்திருக்கலாம். 'ஆவணம் இல்லை' என்ற விடை வந்தால், அது எந்த ஆணையின்படி எந்த நாளில் அழிக்கப்பட்டது என்று கேட்பதும் தகவல் கேட்பதே. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசையும் ஒன்றியப் பகுதிகளையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. மாநிலக் காவல்துறையின் தாளுக்கு அது அரணாகாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, கிடைத்த பெயரை என்ன செய்வது என்னும் கேள்வி எஞ்சுகிறது. திருநெல்வேலிச் சீமையில் ஒரு பாளையக்காரரின் பெயரே காட்டிக்கொடுப்பதற்கான பொதுச்சொல்லாகிவிட்டது. எட்டயபுரத்தின் அரசியல் கணக்குகள், கம்பெனியோடும் பாஞ்சாலங்குறிச்சியோடும் அதற்கிருந்த எல்லைத் தகராறுகள் எல்லாம் 'எட்டப்பன்' என்னும் ஒற்றை வசைக்குள் கரைந்துபோயின. ஆவணம் இல்லாத இடத்தில் வசை வந்து அமர்கிறது. ஆவணங்களைத் திறப்பது ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைப்பதற்காகத்தான் என்று அஞ்சுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம். மறைப்பு தகவலாளியின் பேரப்பிள்ளைகளைக் காப்பதில்லை. அது ஊர் வாயில் உலவும் ஐயத்தை உறுதியும் ஆகாமல் மறுப்பும் ஆகாமல் தலைமுறை தலைமுறையாக நீட்டிக்கிறது. தவறாக ஐயுறப்பட்ட ஒருவரை விடுவிப்பதற்கும் அதே கோப்புதான் தேவை.

நீலகண்ட பிரம்மச்சாரி சிறை மீண்டு, துறவியாகி, நந்தி மலையில் வாழ்ந்து 1978இல் மறைந்தார். மணியாச்சி நிலையம் வாஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆறுமுகம் பிள்ளைக்கும் சோமசுந்தரம் பிள்ளைக்கும் நினைவுச்சின்னம் இல்லை. இருக்க வேண்டும் என்று எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர்கள் எந்த நாளில், எந்த அறையில், எவர் முன்னிலையில், எதற்கு அஞ்சிப் பேசத் தொடங்கினார்கள் என்று கேட்காமல் அவர்கள் சொன்னதை மட்டும் எடுத்து வரலாறு எழுதுவது, அன்றைய அரசு வழக்கறிஞரின் வாதத்தை நம் சொற்களில் திரும்ப எழுதுவதாகவே முடியும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு அந்த நிலை நேராமலிருக்க வேண்டுமானால், 24ஆம் பிரிவு பூட்டிய கோப்புகளுக்கும் 8(3)இன் இருபதாண்டு விதி பொருந்த வேண்டும் என்று ஆய்வுலகம் கேட்க வேண்டும். அதுவரை, பெயரைச் சுற்றியுள்ள சிறு தாள்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் ஆய்வாளரின் வேலை.